எஃகின் தேய்வும் கரியின் அளவும்

இரும்பைவிட வலிமை வாய்ந்தது எஃகு என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. ஆயினும் அந்த எஃகும் தேய்கிறது என்பதை நாள்தோறும் கண்டும் அதைப் பற்றி நாம் சிந்திப்பது அரிது. உழுகின்ற கொழு தேய்கிறது. அறுக்கின்ற அரிவாள் மழுங்குகிறது. வண்டி ஓடுகின்ற தண்டவாளம் தேய்ந்து மாற்றப்படுகிறது. ஒரே கடையில், ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு கத்திகளுள் ஒன்று ஒரு திங்கள் உழைக்கிறது. மற்றொன்றோ ஒரு வாரத்திலேயே சாணைக்கு வந்துவிடுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதை அறிவதால் உழைப்பாளிக்கு என்ன பயன் என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறினால் தேவிகுளம் வட்டத்தின் தேயிலைத் தோட்டங்களை அடைகிறோம். தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்தெடுத்தும் கவாத்து வெட்டியும் வாழ்ந்து வருகின்றன. தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் அது மரமாக உயர்ந்துவிடும். கைக்கெட்டும் உயரத்தில் கொழுந்து கிடைக்காது. ஆதலின் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கிளைகளை வெட்டிச் செடியைத் தாழ்த்துகின்றனர். அதுவே கவாத்து. இன்று பொறியால் இயங்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஆயினும் கைக்கத்தியின் வேலை ஒழிந்துவிடவில்லை. பொறியின் அலகும் எஃகினால் ஆனதுதான்.

கவாத்தின் வெட்டு ஒரே வீச்சில், சாய்வாக, வழவழப்பாக விழவேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் கிளை வெட்டுப்படாமல் பிளக்கிறது, பட்டை உரிகிறது, பிளவில் மழைநீர் தங்குகிறது. அந்த ஈரத்தில் பூஞ்சைக் காளான் புகுந்து, கிளை நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்ந்துவருகிறது. வெட்டுவாயில் செம்புச் சத்துள்ள மருந்தைப் பூசுவது இதைத் தடுப்பதற்கே. ஆனால் பிளந்த கிளைக்கு மருந்து முழுக்காப்பு ஆகாது. அன்றியும், ஒரு வீச்சில் முடியவேண்டிய வேலைக்கு இரண்டு வீச்சு வேண்டியிருந்தால் அந்த இரண்டாவது வீச்சின் விலையைத் தொழிலாளியின் தோளே கொடுக்கிறது. எனவே கத்தியின் கூர் எத்துணை நேரம் நிற்கும் என்பது ஏட்டு வினா அன்று. செடியின் ஆயுளையும் மனிதரின் உடலையும் பற்றிய வினாவாகும்.

தேய்வு என்பது யாது? இரண்டு பொருள்கள் அழுத்தத்துடன் உராயும்போது, ஒன்றின் மேற்பரப்பிலிருந்து நுண்ணிய துகள்கள் பெயர்ந்து போவதே தேய்வு. 1953ஆம் ஆண்டில் ஆர்ச்சர்ட் என்னும் ஆங்கில அறிவியலார் இதற்கோர் எளிய விதியை வகுத்தார். சுமை மிகுந்தால் தேய்வு மிகும். உராயும் தொலைவு மிகுந்தாலும் தேய்வு மிகும். ஆனால் பொருளின் கடினம் மிகுந்தால் தேய்வு குறையும். இவ்விதிக்குப் புறம்பானவை பல உண்டெனினும், முதற்படியாக இதைக் கொள்ளலாம். கடினம் என்பது, ஒரு பொருள் தன்மேல் பள்ளம் விழாமல் எதிர்க்கும் ஆற்றல். சுவீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல் 1900ஆம் ஆண்டில் இதை அளக்க வழி கண்டார். பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டொன்றை மூவாயிரம் கிலோகிராம் சுமையால் உலோகத்தின்மேல் அழுத்தி, விழுந்த பள்ளத்தை அளந்தார். பள்ளம் சிறிதாயின் கடினம் பெரிது. பின்னர் வந்த விக்கர்ஸ் முறையில் குண்டுக்குப் பதிலாக வைரப் பட்டைக்கூம்பு (பிரமிடு) அழுத்தப்படுகிறது.

இனி, இரும்புக்குக் கடினத்தைத் தருவது எது? பன்னெடுங்காலம் இது விளங்காத மறைபொருளாகவே இருந்தது. நெருப்பு இரும்பைத் தூய்மைப்படுத்துவதால் எஃகு பிறக்கிறது என்று பலர் கருதினர். சுவீடன் நாட்டுப் பெர்க்மன் 1781ஆம் ஆண்டிலும், பிரெஞ்சு அறிவியலார் மூவர் 1786ஆம் ஆண்டிலும் உண்மையை வெளிப்படுத்தினர். எஃகு தூய்மையான இரும்பு அன்று. சிறிதளவு கரி கலந்த இரும்பு. இக்கரியையே நாம் கார்பன் என்கிறோம். எத்துணைச் சிறிதளவு என்பதே வியப்பு. நூறு கிலோகிராம் இரும்பில் கால் கிலோவுக்குட்பட்ட கார்பன் இருந்தால் அது கம்பிக்கும் தகட்டுக்கும் ஏற்ற மெல்லெஃகு. அரைக் கிலோ அளவு இருந்தால் லாரியின் வில் பட்டை போன்றவை செய்யலாம். முக்கால் கிலோவானால் அது கத்திக்கும் உளிக்கும் உரியது. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்டால் அரம் செய்யலாம். இரண்டு கிலோவைத் தாண்டினால் அது எஃகெனும் பெயரை இழந்து வார்ப்பிரும்பாகிறது. சம்மட்டி அடிக்கு வளையாமல் உடைகிறது.

கார்பன் இரும்பினுள் எவ்வாறு வேலை செய்கிறது என்று காண்போம். மெல்ல ஆறிய எஃகில் கார்பன் இரும்புடன் கூடி ஒரு கடிய சேர்மமாகிறது. அச்சேர்மம் மென்மையான இரும்புடன் மாறிமாறி, மெல்லிய ஏடுகளை அடுக்கியதுபோல் படிகிறது. ஏடுகள் நெருங்க நெருங்கக் கடினம் கூடும். ஆனால் அதே எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சித் திடீரென்று நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் நிகழ்வதே வேறு. சுமார் 730 பாகை செல்சியசுக்கு மேல் இரும்பின் அணுக்கள் தம் அமைப்பை மாற்றிக்கொண்டு கார்பனுக்கு இடமளிக்கின்றன. மெல்ல ஆறினால் கார்பன் வெளியேறி ஏடுகளாகப் படிய நேரம் கிடைக்கும். திடீரென்று குளிர்ந்தால் அதற்கு நேரமில்லை. வெளியேற இயலாத கார்பன் அணுக்கள் உள்ளேயே சிறைப்பட்டு, இரும்பின் கட்டமைப்பையே நெருக்கித் திரிக்கின்றன. அந்த நெருக்கடியே பெருங்கடினமாக வெளிப்படுகிறது. நம் கொல்லர் இதைத் தோய்ச்சல் என்பர்.

எண்களால் கூறினால் இது நன்கு விளங்கும். விக்கர்ஸ் அளவில் தூய இரும்பின் கடினம் ஏறத்தாழ 80. முக்கால் சதவீதக் கார்பனுள்ள எஃகு மெல்ல ஆறினால் 200 அல்லது அதற்குச் சற்று மேல். அதே எஃகைத் தோய்த்தால் 800. கார்பனின் அளவு மாறவேயில்லை. கடினமோ நான்கு மடங்காயிற்று. ஆகவே கார்பன் தருவது கடினத்தை அன்று. கடினமாவதற்குரிய தகுதியையே அது தருகிறது. அத்தகுதியைக் கடினமாக மாற்றுவது உலைக்களத்துச் சூடும் தோய்ச்சலும் ஆகும். கார்பன் மிகக் குறைந்த இரும்பை எத்துணை முறை காய்ச்சித் தோய்த்தாலும் பயன் சிறிதே. கார்பன் மிகுந்த எஃகைத் தோய்க்காமல் விட்டாலோ அதன் தகுதி வீணே உறங்கிக் கிடக்கும்.

அங்ஙனமாயின் கார்பனை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போனால் என்ன என்று கேட்கலாம். இயற்கை அதற்கு இரண்டு தடைகளை வைத்திருக்கிறது. முதலாவது, தோய்த்த எஃகின் கடினம் 0.6 முதல் 0.8 சதவீதம் வரையில்தான் விரைந்து உயர்கிறது. அதற்கு அப்பால் அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இரண்டாவது தடை அதனினும் பெரிது. கடினம் ஏற ஏற நொறுங்கும் தன்மையும் ஏறுகிறது. அரம் ஒன்று கல்தரையில் விழுந்து இரண்டாக முறிவதைப் பலரும் கண்டிருப்பர். கத்தியைக் கீறும் கடினம் உடைய அந்த அரம் ஒரு வீழ்ச்சியைத் தாங்கவில்லை.

இவ்விடத்தில் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பள்ளம் விழாமல் எதிர்ப்பது ஒரு பண்பு. அடியைத் தாங்கி உடையாமல் நிற்பது வேறொரு பண்பு. பிறமொழி நூல்களைத் தமிழில் பெயர்க்கும் பணியிலுள்ள நாம் இவ்விரண்டையும் ‘உறுதி’ என்னும் ஒரே சொல்லால் குறித்துவிட்டால் படிப்பவர் திகைப்பர். அவர் கருவி செய்பவராயின் பொருளையும் இழப்பர். ஆதலின் முன்னதைக் கடினம் என்றும், பின்னதைத் தாங்குதிறன் என்றும் இவ்வுரையில் பிரித்துக் கூறுகிறோம். அரத்துக்குக் கடினம் உண்டு; தாங்குதிறன் இல்லை. வில் பட்டைக்குத் தாங்குதிறன் மிகுதி, கடினம் நடுத்தரமே. கவாத்துக் கத்திக்கு இரண்டும் வேண்டும். வைரம் பாய்ந்த பழங்கிளையில் மோதும்போது அதன் வாய் சிதையவும் கூடாது, மடங்கவும் கூடாது.

இரண்டையும் ஒருசேரப் பெறுவதற்கே கொல்லர் தோய்த்த கத்தியை மீண்டும் மெல்லச் சுடவைக்கின்றனர். சிறைப்பட்ட கார்பனுள் ஒரு பகுதி அப்போது விடுபடுகிறது. கடினம் சிறிது குறைந்து தாங்குதிறன் பெருகுகிறது. எத்துணைச் சூடு போதும் என்பதை எஃகே தன் நிறத்தால் அறிவிக்கிறது. துலக்கிய பரப்பில் ஏறத்தாழ 230 பாகையில் வைக்கோல் நிறம் தோன்றும். 270 பாகையையொட்டி ஊதா. 300 பாகையில் நீலம். சவரக்கத்திக்கு வைக்கோல் நிறத்தோடு நிறுத்துவர். கோடாரிக்கு ஊதா வரை விடுவர். வில் பட்டை நீலத்துக்கும் அப்பால் செல்லும். வெப்பமானி இல்லாத காலத்தில் நிறமே வெப்பமானியாக விளங்கியது.

கார்பனை 0.8 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில் பயனே இல்லையோ எனின், உண்டு. மிகுதியான கார்பன் கடிய சேர்மத்தின் தனித்தனி மணிகளாக எஃகினுள் பரவி நிற்கிறது. எஃகின் மொத்தக் கடினத்தை அது அதிகம் உயர்த்துவதில்லை. எனினும் தேய்வைத் தடுக்கிறது. செம்மண் சுவரில் சரளைக்கல் பதித்ததற்கு இதை ஒப்பிடலாம். மண் கரைந்தாலும் கல் நிற்கிறது. இத்தகைய எஃகில் உலகப் புகழ் பெற்றவர் நம் முன்னோரே. இரும்புத் துண்டுகளை ஆவாரை விறகுடனும் எருக்கிலையுடனும் மண் மூசையில் இட்டு வாயை மூடி உலையில் உருக்குவது தென்னாட்டு வழக்கம். விறகும் இலையும் கரிந்து இரும்புக்குக் கார்பனை ஊட்டின. இவ்வெஃகில் பெரும்பாலும் ஒன்றரைச் சதவீதம் அளவுக்குக் கார்பன் இருந்தது. நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில் பழங்கால உலைகளின் எச்சங்களும், மேல்சிறுவளூரில் மூசைத் துண்டுகளும் கிடைத்துள்ளன. மைக்கேல் பாரடே 1819ஆம் ஆண்டில் இலண்டனில் இவ்வெஃகைப் பகுத்தாராய்ந்தார். ஐரோப்பியக் கொல்லர்களோ இதை அடிக்க முயன்று இடர்ப்பட்டனர். தம் வழக்கப்படி வெண்ணிறம் வரும்வரை காய்ச்சினர்; அது சம்மட்டியடியில் உதிர்ந்துபோயிற்று. குறைந்த சூட்டில், பொறுமையாக அடிக்கவேண்டிய பொருள் அது. கார்பன் மிகுந்த எஃகு மிக நன்றாக உழைக்கும்; ஆனால் அதைக் கையாளும் கைக்குப் பக்குவம் வேண்டும்.

மீண்டும் மலைக்கு வருவோம். கிளை வெட்டும் கத்தியைவிட மண் கொத்தும் மண்வெட்டி விரைந்து தேய்வதை அங்கே யாவரும் அறிவர். அம்மலையின் கருங்கற்பாறைகள் சிதைந்து உண்டான மண்ணில் குவார்ட்ஸ் மணல் கலந்திருப்பதே காரணம். விக்கர்ஸ் அளவில் அம்மணலின் கடினம் ஆயிரத்துக்கும் மேல். தன்னைவிடப் பன்மடங்கு கடிய மணலோடு போராடும் மெல்லெஃகு, கடினத்தில் சற்று உயர்ந்தாலும் பெரும்பயன் காண்பதில்லை. எஃகின் கடினம் மணலின் கடினத்தை நெருங்கும்போதுதான் தேய்வு சட்டென்று குறைகிறது. ஆனால் கல்லில் மோதும் மண்வெட்டியை அத்துணைக் கடினமாக்கினால் வாய் உடையும். ஆதலின், முழுவதும் கடிய எஃகாக அல்லாமல், மெல்லிய உடலில் வாய்ப்பகுதிக்கு மட்டும் நல்ல எஃகை வைத்து அடிப்பது நம் கொல்லர் கண்ட வழி. மலைப்பாதையேறும் லாரியின் பற்சக்கரங்களிலும் இதே கருத்துத்தான் பயின்று வருகிறது. கார்பன் குறைந்த எஃகில் சக்கரத்தைக் கடைந்து, 900 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அதன் மேற்பரப்புக்கு மட்டும் கார்பனை ஊட்டித் தோய்க்கின்றனர். தோல் கடிதாகிறது, உள்ளம் அதிர்ச்சியைத் தாங்குகிறது.

இருப்புப்பாதையும் இம்மலைக்குப் புதிதன்று. 1902ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக, மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908ஆம் ஆண்டில் அது குறுகிய இரட்டைத் தண்டவாளப் பாதையாயிற்று. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வரை சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை அழித்துவிட்டது. இன்று நாட்டின் பெரும்பாதைகளில் இடப்படும் தண்டவாளத்தில் 0.6 முதல் 0.8 சதவீதம் வரை கார்பன் உண்டு. கத்திக்குரிய அளவே அது. எனினும் அதைக் கத்தியைப்போல் தோய்ப்பதில்லை. ஏடு ஏடாகப் படிந்த நிலையிலேயே இடுகின்றனர். பனியிலும் வெயிலிலும் தண்டவாளம் உடைந்தால் உயிர்கள் போகும். சற்றுத் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்னும் தெளிவே இங்குக் கார்பனின் பயனை வரையறுக்கிறது.

தண்டவாளங்கள் ஒன்றையொன்று கடக்கும் சந்திகளில் சக்கரங்கள் இடித்துச் செல்கின்றன. அங்கே ஹாட்பீல்டு 1882ஆம் ஆண்டில் கண்டறிந்த மாங்கனீசு எஃகு உதவுகிறது. அதில் கார்பன் ஏறத்தாழ 1.2 சதவீதம், மாங்கனீசு 12 சதவீதம். பிரினெல் அளவில் முதலில் அதன் கடினம் 200 அளவே. ஆனால் இடிபட இடிபட அதன் மேற்பரப்பு 500 வரை கடினமேறுகிறது. உள்ளே தாங்குதிறன் குறைவதில்லை. மெல்ல உராயும் மணலுக்கு எதிராக அதற்கு அத்துணைச் சிறப்பில்லை. இடியே அதன் ஆசான்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் புகுந்தால் இதற்கு நேர்மாறான காட்சியைக் காண்கிறோம். அசாமில் மக்கெர்ச்சர் என்பவர் 1930ஆம் ஆண்டையொட்டி அமைத்த இயந்திரத்தில், பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று இலையை நறுக்கிக் கிழித்துச் சுருட்டுகின்றன. ஈரமான தேயிலைச் சாறு சாதாரண எஃகை அரித்து, மைபோல் கறுக்கும். தேநீரின் நிறமும் சுவையும் கெடும். ஆகவே உருளைகளைத் துருப்பிடிக்காத எஃகால் செய்கின்றனர். இவ்வெஃகில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு, கார்பனோ 0.08 சதவீதத்துக்கு மேற்படாது. கார்பன் மிகுந்தால் அது குரோமியத்தைக் கவர்ந்துகொண்டு, துருவைத் தடுக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். இந்த எஃகைத் தோய்த்துக் கடினமாக்கவும் இயலாது. ஆதலின் உருளைப் பற்கள் விரைவில் மழுங்குகின்றன. சில நாட்களுக்கு ஒரு முறை அவற்றைக் கழற்றி மீண்டும் பல் வெட்டுகின்றனர். தூய தேநீருக்காகத் தொழிற்சாலை விரும்பிச் செலுத்தும் விலை அது.

இவற்றால் தொழிலாளரும் கருவி வாங்குவோரும் கொள்ளத்தக்கவை சில உண்டு. கத்தி வாங்கும்போது பளபளப்பைக் காண்பது போதாது. நல்ல அரத்தை அதன் வாயில் மெல்ல இழுத்துப் பார்க்கலாம். அரம் வெண்ணெயில்போல் இறங்கினால் அது தோய்ச்சல் பெறாதது. சற்றும் பற்றாமல் வழுக்கினால் அது நொறுங்கக்கூடியது. அரிதின் முயன்று பற்றினால் கவாத்துக்கு ஏற்றது. லாரியின் பழைய வில் பட்டையிலிருந்து அடித்த கத்தி நன்கு உழைப்பது, அதில் அரைச் சதவீதத்துக்குக் குறையாத கார்பன் இருப்பதனால்தான். கொல்லரிடம் தோய்ச்சலுக்கென நேரமும் கூலியும் கொடுக்கத் தயங்கலாகாது.

யாவற்றினும் முதன்மையானது சாணை. விரைந்து சுழலும் மின்சாரச் சாணைக்கல்லில் கத்தியை உலர்வாக அழுத்தினால், மெல்லிய வாய் நொடிப்பொழுதில் 300 பாகையைத் தாண்டி நீலம் பூக்கிறது. தீட்டியவுடன் கூர் நன்றாகவே இருக்கும். ஆனால் கடினம் போய்விட்டது. மறுநாள் முற்பகலிலேயே அது மழுங்குகிறது. மீண்டும் சாணை, மீண்டும் நீலம் என்று ஒரே ஆண்டில் கத்தி தேய்ந்து ஒழிகிறது. குற்றம் எஃகினது என்று மக்கள் எண்ணுகின்றனர். தண்ணீர் தெளித்து, மெல்ல அழுத்தி, கை பொறுக்கும் சூட்டிலேயே தீட்டினால் இவ்விழப்பு நேராது. நீலம் பூத்த பகுதியை நீர்ச்சாணையில் மெதுவாகத் தேய்த்து நீக்கினால், உள்ளே கெடாதிருக்கும் எஃகு மீண்டும் வெளிப்படும். வேலை முடிந்ததும் தேயிலைச் சாற்றைத் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவுவதும் இன்றியமையாதது. மழை மிகுந்த அம்மலையில், உராய்வு தின்னாத கூரைத் துரு தின்றுவிடும்.

தேய்வே இல்லாத எஃகு உலகில் இல்லை. கார்பன் மிகுந்தது நல்லது, குறைந்தது கெட்டது என்பதும் இல்லை. சேற்றுக்கோ, மணலுக்கோ, இடிக்கோ, ஈரத்துக்கோ, எதற்கு எதிராக ஒரு கருவி நிற்கவேண்டும் என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்ற அளவில் கார்பனைத் தேர்ந்து, அதன் தகுதியை முறையான சூட்டினால் கடினமாக்கி, அக்கடினத்தைச் சாணையில் இழந்துவிடாமல் காப்பதே அறிவுடைமை. கொல்லரின் உலையில் பிறந்த அக்கடினம், தொழிலாளியின் கையில் ஒவ்வொரு நாளும் அவரது தோளுக்கு ஒரு வீச்சை மிச்சப்படுத்துகிறது.